ஒப்படையும் உசாத்துணையும்

மலருக்கு யாதேனும் எழுதித் தருக என மலராசிரியர் பணித்த வேளையில், எம் மேசைமீது உயர்தர வகுப்பு மாணவரின் குழு ஒப்படைகள் குவிந்து கிடந்தன. ஆதலின் அவை பற்றியே எழுதத் துணிந்தோம். ஒப்படை என்னுஞ் சொல் பழைய மாணவர் சிலர்க்குப் புதிதாய்த் தோன்றலாம். அவர்க்கு அது வீட்டுவேலை.

ஐவர் கூடி எழுதிய கட்டுரையைத் திருத்தப் புகின், யாம் முதலிற் புரட்டுவது இறுதிப் பக்கத்தையே. உசாத்துணைப் பட்டியல் ஆங்கே உளது. ஓரிடத்திற் ‘சி. வை. தாமோதரம்பிள்ளை’, அடுத்த வரியில் ‘தாமோதரம்பிள்ளை, சி. வை.’, அதன்கீழ்ப் ‘பிள்ளை, சி. வை. தாமோதரம்’. ஒருவரே மூவராயினார்! இதனை வெறும் எழுத்துப் பிழையென யாம் கொள்வதில்லை. ஐவரும் தத்தம் துண்டை எழுதி ஒட்டினரேயன்றி, ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்திலர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

ஆங்கில முறையை அவ்வாறே பின்பற்றல் எமக்குப் பொருந்தாது. தமிழர் பலர்க்குக் குடும்பப் பெயரில்லை. ‘வை’ என்பது தந்தையார் வைரவநாதரைச் சுட்டும். அதனை முன்னே நிறுத்தின், மகன் உழைப்புத் தந்தையின் கணக்கிற் சேரும். இயற்பெயரை முன்னும் முதலெழுத்தைப் பின்னும் வைத்து அகர வரிசைப்படுத்துக என்பதே யாம் கற்பிக்கும் முறை. அவர் 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார், இயற்றினாரல்லர். ‘பதிப்பாசிரியர்’ என்னும் ஒரு சொல்லை எழுத மாணவர்க்கு என்ன சோம்பலோ! செய்யுளாயின் பக்க எண்ணினும் செய்யுள் எண்ணே நன்று. பதிப்புக்குப் பதிப்புப் பக்கம் மாறும். பழைய நூல்கள் சிலவற்றிற் சர்வசித்து என்றாற்போல வருடப் பெயரே இருக்கும். அஃது 1827, 1887, 1947 ஆகிய மூன்றுக்கும் பொதுவாதலின், முகவுரையை வாசித்தே தெளிதல் வேண்டும்.

சிலர் ‘கூகிள்’ என்று மட்டும் எழுதி முடிப்பர். வழி காட்டியவனை வீட்டுக்காரன் என்பது போலும் இது.

முத்தொள்ளாயிரத்தில் இன்று எஞ்சியவை நூற்றுச் சில செய்யுள்களே. அவற்றுட் பெரும்பாலன புறத்திரட்டு என்னுந் தொகைநூல் வாயிலாக வந்தவை. வையாபுரிப்பிள்ளை அவர்கள் 1938 இல் அதனைப் பதிப்பித்தார். தொகுத்தவர் யாவரென அறியோம்; ஆயினும் எந்நூலினின்று எடுத்தார் என்பதை அறிவோம். எம் மாணவரின் ஒப்படையிலோ அட்டையில் ஐவர் பெயரும் வண்ண எழுத்தில் மிளிரும். எடுத்த நூலின் பெயரைத் தேடல் வேண்டும்.

இத்தவணை வந்த ஒப்படையொன்றில் மூன்று பக்கங்கள் அச்சேறிய கட்டுரையொன்றின் சொல்லுக்குச் சொல் பிரதி. மேற்கோட் குறியுமில்லை, அடிக்குறிப்புமில்லை. அப்பகுதி ஒருவனுடையது. ஐவர்க்கும் புள்ளி குறைத்தல் தகுமோ என ஆசிரியர் அறையிற் பெரும் வழக்காயிற்று. குற்றமற்ற நால்வரைத் தண்டித்தல் அறமன்று என்றார் நண்பரொருவர். அவர் கூற்றை எளிதில் ஒதுக்கற்கில்லை. அக்குழுவில் ஒரு மாணவன் தன் பகுதிக்கு வரிதோறும் ஆதாரங் காட்டியிருந்தான், பல்கலைக்கழகக் கனவுடையவன். “சேர், அவன் எழுதினதை நான் ஏன் வாசிக்க வேணும்?” என்று குரல் தழுதழுக்கக் கேட்டான்.

“தம்பி, அட்டையில் உம்முடைய பெயர் ஏன் இருக்குது?” என்றோம்.

புள்ளியிடாது ஒப்படையைத் திருப்பிக் கொடுத்து ஒரு வாரத் தவணையும் அளித்தோம். ஒருவன் பகுதியின் ஆதாரங்களை மற்றொருவன் நூலெடுத்துச் சரிபார்த்துத் தன் கையொப்பமிடல் வேண்டும் என்பதே நிபந்தனை. வரிதோறும் ஆதாரங் காட்டிய அம்மாணவனின் பகுதியிலும் இரு பக்க எண்கள் பிழையெனப் பிரதி செய்தவனே கண்டுபிடித்தான்! மூலங் காணக் கிடையாத மேற்கோள்களை அவர்களே வெட்டினர். கட்டுரை ஒன்றரைப் பக்கங் குறைந்து வந்தது. ஐவர்க்கும் ஒரே புள்ளியிட்டோம்.