வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு

வியன்னாவுக்கும் வெனிஸுக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலை குறுக்கே கிடக்கிறது. அதைத் தாண்டுவதற்கு ஆகாய விமானம், பகல் ரயில், இரவு ரயில், பஸ், வாடகைக் கார் என்று பல உபாயங்கள் இருக்கையில், தனக்கு எதில் சிக்கனம் வேண்டும், பணத்திலா, நேரத்திலா, தேக சிரமத்திலா என்பதை முதலிலேயே நிச்சயித்துக்கொள்ளாத பிரயாணி, கட்டண அட்டவணைகளைப் புரட்டிக்கொண்டே விடுமுறையைக் கழித்துவிடுவான்.

காரை நான் யோசனையின் ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டேன். ஒரு தேசத்தில் எடுத்த காரை வேறொரு தேசத்தில் விட்டுவிடுவதற்குக் கேட்கும் உபரிக் கட்டணம் ஒருபுறமிருக்க, வெனிஸில் கார் ஓடுவதற்குத் தெருவே கிடையாது. நகரத்தின் வாயிலான பியாத்ஸாலே ரோமாவில் அதை நிறுத்தி, நிறுத்தியதற்கும் வாடகை அழுதுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

பஸ் அவ்வளவு சுலபமாகத் தள்ளத்தக்கதல்ல. பெரும்பாலும் அதுவே எல்லாவற்றிலும் மலிவு. கையில் காசு குறைந்த மாணாக்கர்களுக்கு அதைப் போன்ற உபகாரி வேறில்லை. நாலரை மணி நேரம் ஓட்டிய சாரதி முக்கால் மணி நேரம் ஓய்வெடுத்தே தீர வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். ஆகையால் நெடுஞ்சாலையோர விடுதியில் காபி அருந்தக் கட்டாய அவகாசமும் கிடைக்கிறது. ஆனால் முழங்கால் வலியுள்ளவர்களுக்கு அந்த ஆசனங்களைச் சிபாரிசு செய்ய என் மனம் துணியவில்லை.

மிச்சமிருந்த தர்க்கம் விமானத்துக்கும் ரயிலுக்கும்தான். வியன்னாவில் படித்துக்கொண்டிருந்த என் நண்பரின் புதல்வன் விமானத்தின் கட்சி.

"ஏன் மாமா, பிளேன்ல ஒரு மணி நேரம். ரயில்ல பொழுது பூரா உட்காரணுமே?" என்றான்.

"உன் வீட்டு வாசல்லேருந்தா பிளேன் கிளம்புதப்பா?" என்று கேட்டேன்.

சிரித்தானே தவிர விட்டுக்கொடுக்கவில்லை. காகிதத்தை எடுத்து இருவரும் கணக்கிட்டோம். ஷ்வேகாட் விமான நிலையத்துக்குப் போக அரை மணி. அங்கே சோதனைகளுக்காக முன்கூட்டியே போய் நிற்க இரண்டு மணி. பறப்பதற்கு ஒரு மணி சொச்சம். வெனிஸில் இறங்கிப் பெட்டிக்காகக் காத்திருக்க அரை மணி. அங்கிருந்து பஸ்ஸில் போனால் இருபது நிமிஷம், படகில் சான் மார்க்கோவுக்குப் போனால் ஒரு மணிக்கு மேல். கூட்டிப் பார்த்தால் ஐந்து மணியை ஒட்டி வந்து நின்றது. அப்போது பகல் ரயிலுக்கு ஆனது ஏழரை மணிக்குச் சற்று அதிகம். விமானத்தில் இரண்டு மூன்று மணி லாபம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை; ஆனால் அந்த ஐந்து மணியும், பெல்ட்டைக் கழற்றுவதற்கும் வரிசையில் நகர்வதற்கும் ஒலிபெருக்கிக்குக் காது கொடுப்பதற்குமாகச் சின்னஞ்சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டுவிட, ஒரு புஸ்தகத்தின் பத்துப் பக்கத்தைச் சேர்ந்தாற்போல் படிக்க இடமில்லாமல் போகிறது. ரயிலின் ஏழரை மணியோ ஒரே முழுத் துணி. அதில் என்ன தைத்துக்கொள்வதென்பது நம் இஷ்டம்.

இரவு ரயில் ஒன்றும் உண்டு. மாலையில் ஏறிப் படுத்தால் காலையில் வெனிஸ். ஓர் இரவின் ஓட்டல் வாடகையும் மிச்சம். காரியமாகப் போகிறவர்களுக்கு அதுவே உத்தமம் என்பேன். எனக்கு அதில் இருந்த ஆட்சேபம் ஒன்றுதான்: மலையை இருட்டில் கடக்க நேரும்.

அந்த மலைப்பாதைக்காகவே பகல் ரயிலில் ஏறினேன். வியன்னாவை விட்டுத் தெற்கே சமவெளியில் விரையும் வண்டி, க்ளோக்னிட்ஸ் தாண்டியதும் வேகம் தணிந்து, சக்கரங்கள் கிறீச்சிட, வளைந்து வளைந்து ஏறத் தொடங்குகிறது. அதுதான் ஸெம்மெரிங் ரயில் பாதை. க்ளோக்னிட்ஸுக்கும் ம்யூர்ட்ஸூஷ்லாகுக்கும் நேர்க்கோட்டில் 21 கிலோமீட்டர் தூரம்தான். தண்டவாளமோ 41 கிலோமீட்டர். இதை வகுத்தவர் கார்ல் கேகா என்ற எஞ்சினீயர். அவர் 1802-ல் பிறந்தது வெனிஸில் என்று அறிந்தபோது, இந்தப் பிரயாணத்துக்கு ஒரு பொருத்தம் கூடிவிட்டதாகத் தோன்றிற்று. 1848-ல் வேலை ஆரம்பித்த சமயத்தில், 40 அடிக்கு ஓர் அடி என்ற அந்த ஏற்றத்தில் வண்டியை இழுக்க வல்ல நீராவி யந்திரம் உலகில் எங்கும் இல்லை. பாதையைப் போட்டு வை, யந்திரம் வந்து சேரும் என்ற தைரியம் அந்த மனிதருக்கு! 1851-ல் யந்திரங்களுக்கு ஒரு போட்டி நடத்தினார்கள், நான்கு வந்தன, பரிசு வாங்கிய 'பவேரியா' உட்பட ஒன்றும் தினசரி ஓட்டத்துக்கு லாயக்காகவில்லை, பிறகு எங்கெர்த் என்பவர் தனியாக ஒரு யந்திரத்தை வடிவமைத்துக் கொடுக்க, 1854-ல் பாதை ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. வேலை மும்முரமாக நடந்த நாளில் ஏறத்தாழ 20,000 பேர் அங்கே உழைத்தார்கள். காலராவிலும் டைபஸ் ஜுரத்திலும் அவர்களில் அநேகர் மாண்டார்கள்.

பாலங்களைக் கேகா இரும்பால் கட்டவில்லை. கல்லையும் செங்கல்லையும் கொண்டே கட்டினார். அவற்றில் பெரியது கால்ட்டே ரின்னெ என்னும் பள்ளத்தின் மேல் இரண்டு அடுக்கு வளைவுகளாக 46 மீட்டர் உயரம் எழுந்து நிற்பது. பாலமே வளைந்திருப்பதால், ஜன்னலோரம் அமர்ந்தவனுக்குத் தன் வண்டியின் முன்பெட்டிகள் எதிரே திரும்பிப் போவது தெரிகிறது. பழைய 20 ஷில்லிங் நோட்டின் ஒரு பக்கத்தில் கேகாவின் முகத்தையும் மறுபக்கத்தில் இந்தப் பாதையையும் ஆஸ்திரியர்கள் அச்சிட்டிருந்ததில் வியப்பில்லை.

அப்புறம் வழி இறக்கம். கரிந்தியா மாகாணத்தில் வொர்தர் ஏரியின் வட கரையோரமாகவே வண்டி ஓடுகிறது. அந்தக் கரையிலுள்ள பொர்ச்சாக் என்னும் சிற்றூரில் கோடை காலத்தில் தங்கித்தான் இசையமைப்பாளர் பிராம்ஸ் தம் வயலின் கான்செர்டோவை 1878-ல் இயற்றினார். அவருடைய நான்காவது சிம்பொனி பிறந்த ம்யூர்ட்ஸூஷ்லாகையும் முன்பே கடந்து வந்திருந்தோம். டார்விசியோவில் இத்தாலி ஆரம்பிக்கிறது. அதன்பின் வண்டி சுரங்கங்களுக்குள் புகுந்துகொள்வதால் அந்தப் பிரதேசத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பழைய தண்டவாளம் கிடந்த வழி இப்போது சைக்கிள் பாதையாகிவிட்டதாம், சைக்கிளில் போகிறவர்கள் பாக்கியசாலிகள்.

மெஸ்த்ரே என்ற நிலையம் வந்ததும் பாதிப் பேர் எழுந்துவிடுகிறார்கள். புதியவர்கள் அவர்களோடு இறங்கிவிடக் கூடாது, அது நிலப்பகுதி. 1846-ல் கட்டிய, 222 வளைவுகள் கொண்ட பாலத்தின் மேல் கடற்கழியைக் கடந்து சாண்டா லூச்சியாவில் இறங்கினால், நிலையத்தின் படிகளுக்குக் கீழே பெரிய கால்வாயும் படகுத்துறையும் இருக்கின்றன. விமானத்தில் வந்து லாபமடைந்தவர்கள் இந்த இடத்தில் அதில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

கிராட்ஸுக்கும் க்ளாகன்ஃபுர்ட்டுக்கும் இடையே 33 கிலோமீட்டர் நீளமுள்ள கோரால்ம் சுரங்கம் 2025 டிசம்பரில் திறக்கப்பட்டு, அந்த இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் முக்கால் மணிப் பிரயாணமாகச் சுருங்கிவிட்டது. ஆகவே எங்கள் காகிதக் கணக்கை ரயிலுக்குச் சாதகமாக இனித் திருத்த வேண்டும். ஆனால் ஸெம்மெரிங் மலைக்கு அடியிலும் 27 கிலோமீட்டருக்கு ஒரு சுரங்கம் குடைந்துகொண்டிருக்கிறார்கள். 2030-ல் திறப்பதாக உத்தேசம். அது திறந்ததும் விரைவு வண்டிகள் பூமிக்கடியில் போய்விடும். கேகாவின் பாலங்களை வெனிஸ் வண்டியிலிருந்தே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதற்குள் புறப்படுவது நல்லது. முன்பதிவின்போது போகும் திசைக்கு இடப்பக்கத்து ஜன்னலைக் கேட்டு வாங்கிக்கொண்டால் ஏரியும் அந்தப் பக்கமே வரும்.