தூளியும் தாலாட்டும்

‘தானா ராத்தா’ என்னும் மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், கேமரன் மலையின் நடுவே கிடக்கும் அச்சிற்றூரைச் சுற்றிலும் தேயிலைச் சரிவுகள். மாலை சாய்ந்ததும் மூடுபனி இறங்கி லயத்து வீடுகளின் தகரக் கூரைகளை மூடிக்கொள்ளும். 1970களில் அத்தகைய லயம் ஒன்றில், ஓர் இரவு, நான்கு திங்கள் நிரம்பிய குழந்தையொன்று இரண்டு மணி நேரமாக அழுதுகொண்டிருந்தது.

தாய் விடியற்காலைப் பெரட்டுக்குப் போனவள். பகலெல்லாம் கொழுந்து பறித்தவள். குழந்தை ஆயாக் கொட்டகையில் இருந்தது. அங்கே ஒரு பிள்ளை அழுதால் ஒன்பது பிள்ளைகள் விழித்துக்கொள்ளும். நண்பகலில் கலைந்த உறக்கம் பிறகு கூடவேயில்லை. மாலையில் வீடு திரும்பியதும் உறவினர் கைமாற்றிக் கைமாற்றிக் கொஞ்சினர். இப்போது மார்பில் அணைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மடியில் கிடத்தினால் வில்லாய் வளைகிறது. பாயில் விட்டாலோ திடுக்கிட்டு வீறிடுகிறது. பசியா? வயிற்று நோவா? மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்துக் கண்ணேறு கழித்தாள். அடுத்த வீட்டுக்காரி கிரைப் வாட்டர்ப் புட்டியை நீட்டினாள். தாயோ தூளியை ஆட்டினாள். அழுகை கூடக் கூட ஆட்டத்தின் வேகமும் கூடியது.

அவ்வேளையில்தான் கொட்டகை ஆயா உள்ளே வந்து தூளிக்கயிற்றைப் பற்றி நிறுத்தினாள். “நோயும் இல்லே, பேயும் இல்லே ஆத்தா. தூக்கம் தப்பிப் போச்சு, அவ்வளவுதான்” என்றாள்.

‘தூக்கம் தப்பிப் போதல்’ என்னும் அந்த எளிய சொற்றொடர் எத்துணைப் பொருத்தமானது! களைத்த பெரியவர் படுத்தவுடன் உறங்கிப்போவர். களைப்பு எல்லை கடந்த குழந்தை அவ்வாறு உறங்குவதில்லை. பகல் இரவு என்னும் வேறுபாட்டை அறியாமலே பிறக்கும் அதன் உடல், அவ்வொழுங்கைச் சில மாதங்களில் சிறுகச் சிறுகவே கற்கிறது. நான்கு முதல் பதினொரு மாதம் வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 12 முதல் 15 மணி நேர உறக்கம் வேண்டும் என்பர். கண்ணைக் கசக்குதல், கொட்டாவி விடுதல், பார்வையை விலக்குதல் ஆகியவை உறக்கம் வாயிலில் நிற்பதற்கான அறிகுறிகள். அவற்றைக் கவனியாது விட்டால் சோர்வே கிளர்ச்சியாக மாறிவிடுகிறது. பார்ப்பவரோ, பிள்ளை விளையாட விரும்புகிறது என்று எண்ணி மேலும் கிலுகிலுப்பை ஆட்டுவர்!

ஆயா கூட்டத்தை வெளியே அனுப்பினாள், விளக்கைத் தணித்தாள். குளிருக்கென்று அடுக்கடுக்காய்ப் போட்டிருந்த கம்பளிச் சட்டைகளுள் ஒன்றைக் கழற்றினாள். பிறகு குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்தச் சிறு அறைக்குள் ஒரே சீராக நடக்கத் தொடங்கினாள். அழுகை விசும்பலாயிற்று; விசும்பல் மூச்சாயிற்று. உடனே அவள் தூளியில் இடவில்லை. உட்கார்ந்து, மார்போடு அணைத்தபடி இரண்டு மூன்று தாலாட்டுகளைப் பாடி முடித்த பின்னரே மெல்ல இறக்கினாள்.

2022இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமி குரோடா குழுவினர் 21 குழந்தைகளை ஆராய்ந்து கூறியதும் ஏறக்குறைய இதுவே. ஐந்து நிமிடம் ஏந்தி நடந்தால் அழும் குழந்தை அடங்குகிறது; உறங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை அணைத்தபடி அமர்ந்திருந்து கிடத்தினால் விழிப்பது குறைகிறது. தாயின் உடலிலிருந்து பிரியும் கணத்தைக் குழந்தையின் இதயத்துடிப்பு உணர்ந்துவிடுகிறதாம். ஆயாவிடம் கடிகாரம் இல்லை. பாட்டே அவளுக்கு நாழிகை வட்டில்.

தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டி எழுப்பும் ஒலியே தாலாட்டாயிற்று என்பர். பெரியாழ்வார் கண்ணனுக்கும் குலசேகராழ்வார் இராமனுக்கும் தாலாட்டுப் பாடினர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் தாலுக்கு மூன்றாம் இடம். பாரதிதாசன் பெண் குழந்தைக்கென்றே தனித் தாலாட்டு இயற்றினார். ஏட்டிலேறாத தாலாட்டில் தாய்மாமன் சீர் சுமந்து வருவான். தாயின் சொந்தத் துயரும் இடையிடையே எட்டிப் பார்க்கும். அத்துயரைக் கேட்டுக் குழந்தை உறங்குகிறதோ இல்லையோ, பாடுகிறவளின் மூச்சு சீராகிறது. கயிற்றைப் பிடித்த கையின் வேகம் தணிகிறது. இந்தப் பயனை இலக்கண நூல்கள் சொல்லவில்லை.

அந்தக் கை தணியாவிட்டால்? கழுத்து உறுதிப்படாத, உடலளவை நோக்கத் தலை கனத்த குழந்தையைச் சினத்தால் உலுக்கினால் மூளையில் குருதிக் கசிவு நேரலாம், உயிரும் போகலாம். பொறுமை அறுகின்ற தறுவாயில் குழந்தையைப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டுச் சிறிது நேரம் வாயிலில் போய் நிற்பது தாய்மைக்கு இழுக்கன்று. ஆயா அதைத்தான் முதலில் செய்வித்தாள். “போ ஆத்தா, வெளியே போயி முகத்தைக் கழுவிட்டு வா.”

எல்லாத் தாய்மார்க்கும் அத்தகைய ஆயா வாய்க்கவில்லை. பம்பாய் ஆலைகளில் வேலை செய்த பெண்கள், பிள்ளை நாள் முழுதும் உறங்கிக்கிடக்க அபினி கொடுத்ததை 1920களின் ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். அமெரிக்காவில் 1849இல் விற்பனைக்கு வந்த ‘திருமதி வின்ஸ்லோவின் அமைதிப் பாகு’ என்னும் மருந்தில் மார்பின் கலந்திருந்தது. 1851இல் இங்கிலாந்தில் தோன்றிய கிரைப் வாட்டரிலும் நெடுங்காலம் மதுசாரம் இருந்தது. அங்கே அது நீக்கப்பட்டது 1992இல்தான். அம்மாவே குற்றவாளி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை என்னும் நிலையை யார் உண்டாக்கினர்? மலேசியாவில் 60 நாளாயிருந்த பேறுகால விடுப்பு 98 நாளாக உயர்ந்தது 2023 சனவரியில்தான்.

இன்று கேமரன் மலைத் தோட்டங்களில் அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் வேலை செய்கின்றனர். குடும்பத்தை உடன் அழைத்துவர அவர்களுக்கு இசைவில்லை. கடைகளில் மின்விசையால் ஆடும் சுருள்கம்பித் தொட்டில் கிடைக்கிறது. மருத்துவர்களோ, குழந்தையை உறுதியான சமதளப் படுக்கையில் மல்லாத்தியே கிடத்தவேண்டும் என்றும், முகத்தருகே தளர்ந்த துணி கூடாது என்றும் அறிவுறுத்துகின்றனர். பழைய சேலைத் தூளிக்கு இது சங்கடமான செய்திதான். எனினும் கேட்கவேண்டிய செய்தி.

அன்றிரவு தாய் முகம் கழுவிவிட்டுத் திரும்பியபோது வீட்டில் ஓசையில்லை. ஆயா ஒன்றும் பேசாமல் தூளிக்கயிற்றை அவள் கையில் கொடுத்தாள். இருமுறை ஆட்டியிருப்பாள், சுவரில் சாய்ந்தவாறே அவளும் உறங்கிப்போனாள். ஆயா ஒரு போர்வையை எடுத்து அவள்மேல் போர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். பெரட்டுக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.