சிவப்புப் பந்து

ஆறு வயதுப் பிள்ளையை 23.77 மீட்டர் நீள டென்னிஸ் களத்தில் நிறுத்தினால், பந்து தலைக்கு மேலே எழும்பிப் போய்விடும். பிள்ளையும் வீடு போய்விடும். ஆகவேதான் சர்வதேச டென்னிஸ் சம்மேளனம், 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தை விலக்கிற்று. முதற்படியில், வேகம் 75 விழுக்காடு குறைந்த சிவப்புப் பந்து. ஏறத்தாழ 11 மீட்டர் களம். அடுத்து ஆரஞ்சு, பின்னர் பச்சை.

'இது ஆட்டத்தையே மலிவாக்குவதன்றோ?' என்பாருளர். சிறாருக்கு அலிஃப், பே ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்வேன்: தனியெழுத்தைப் பலகையில் பெரிதாக எழுதிக் காட்டுவதால் அரபு மொழி சிறுத்துவிடுவதில்லை. முதல் நாளே பெரிய கிதாபை நீட்டியதால் மறுநாள் வராமற்போன பிள்ளைகளை நான் அறிவேன். சிவப்புப் பந்தையோ, பிள்ளை முதல் நாளே எதிர்முனைக்குத் திருப்பியனுப்புகிறது. அம்மகிழ்ச்சியே அதனை மீண்டும் அழைத்துவரும்.

ஊர்த் திடலில் சிறுவர்க்குப் பயிற்சியளிக்க முன்வரும் இளைஞர்களே! சுண்ணாம்புக் கோடும், குறுக்கே ஒரு கயிறும், சிவப்புப் பந்தும் கொண்டு தொடங்குங்கள்.