எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர்

லேத்துக்கு எண்ணெய் விடுவது எடுபிடிப் பையன் வேலை என்று உப்பளத்து முதலாளி ஒருவர் என் பட்டறையில் நின்றுகொண்டே சொன்னார். அவருடைய பம்ப் ஷாஃப்டுக்கு கன்மெட்டல் புஷ் சைஸ் பிசகாமல் வந்ததே அந்த எண்ணெயால்தான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் டர்னர் படித்துவிட்டு வந்திருக்கும் என் அக்கா மகனும் அப்படித்தான் நினைக்கிறான். அவனிடம் பட்டறையை விட்டுவிட்டு ஒதுங்கலாம் என்றிருந்தேன். இப்போது யோசனையாக இருக்கிறது.

என்னுடைய லேத் கிர்லோஸ்கர் எண்டர்பிரைஸ். 1941-இல் ஹரிஹரில் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர் மூடிப் பல வருஷமாகிறது. ஸ்பேர் வேண்டுமென்றால் பழைய மெஷினைப் பிரித்து விற்கிறவன் வாசலில்தான் நிற்கவேண்டும். ஆகவே இருப்பதைத் தேயவிடாமல் காப்பாற்றுவதுதான் வழி.

ஆனால் பிரம்மதேசத்தில் பட்டறை வைத்தவனுக்குத் தேய்மானம் இரண்டாவது எதிரிதான். முதல் எதிரி கிழக்கேயிருந்து வருகிறது. மரக்காணம் உப்பளங்களில் பாத்தி காயும் மாதங்களில், மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறினால் மெஷின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படியும். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். இந்தப் பக்கத்து ராத்திரிகளுக்கு 75 பெரிய விஷயமில்லை. போதாததற்கு அளத்து உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். அதற்கு 33 சதவீத ஈரமே போதும், பகலில்கூடக் காயாது. காலையில் கதவைத் திறந்தால் பெட் முழுக்க ஊசிமுனை அளவில் துருப்புள்ளிகள்.

துரு வராமலிருக்க எல்லாரும் எண்ணெயை ஊற்றுகிறார்கள். உப்பு எண்ணெயில் கரையாது. மண்ணெண்ணெயிலும் கரையாது. உப்பின்மேல் எண்ணெய் விட்டால் அதை மூடிவைத்ததுதான் மிச்சம். அடியில் அது இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். அதை எடுக்கத் தண்ணீர்தான் வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஓய்வுபெற்று இந்தப் பக்கம் வந்து சேர்ந்த மேஸ்திரி. லேத் பெட்டில் தண்ணீர் படவே கூடாது என்று ஊரெல்லாம் அடித்துச் சொல்லும்போது அவர் ஈரத்துணியை எடுப்பார். போர் தண்ணீர் ஆகாது, அதிலேயே உப்பு. குடிக்கிற தண்ணீரில் நனைத்து, சொட்டில்லாமல் பிழிந்த பழைய வேட்டித்துணி. சக் பக்கமிருந்து டெயில்ஸ்டாக் பக்கம் ஒரே போக்கில் இழுக்கவேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் முதுகில் ஒன்று விழும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப்பக்கம். பின்னாலேயே காய்ந்த துணி, ஈரம் ஒரு நிமிஷம்கூட நிற்கக்கூடாது. முடித்ததும் விரலால் பெட்டைத் தடவி நாக்கில் வைக்கச் சொல்வார்.

"கரிக்குதாடா?"

"இல்ல மேஸ்திரி."

"சேடில நகத்து. அது நின்ன இடத்தத் தொட்டு வை."

அங்கேயும் கரிக்காமலிருந்தால்தான் ஆயில் கேன் கைக்கு வரும். அத்தோடும் விடமாட்டார். பெட்மேல் ஓடும் சேடிலின் நுனியிலிருக்கும் ஃபெல்ட்டைக் கழற்றி அலசி, நன்றாகக் காயவைத்து, எண்ணெயில் ஊறப்போட்டு மாட்டவேண்டும். உப்பும் இரும்புத்தூளும் ஒளிந்துகொள்வது அதில்தான். சக் சாவியைத் தொடவிடுவதற்கு முன்னால் அவரிடம் நான் கற்றது இது ஒன்றே. பள்ளிக்கூடம் போகாத மனுஷன், உப்பின் ரசாயனத்தை நாக்கில் வைத்திருந்தார்.

அடுத்த சண்டை, எந்த எண்ணெய் என்பது. பெட்டுக்கு 68 நம்பர் ஸ்லைடுவே ஆயில். ஹைட்ராலிக் ஆயிலிலும் 68 உண்டு, கெட்டியும் அதே. ஆனால் அது பெட்டில் ஒட்டி நிற்காது. மெதுவான ஃபீடில் சேடில் நின்று நின்று குதிக்கும், ஃபினிஷிங்கில் அது வரிவரியாகத் தெரியும். என் மருமகனோ இஞ்சின் ஆயிலைத் தூக்கிக்கொண்டு வருகிறான். "டீசல் இஞ்சினுக்கே ஊத்துறோம், இதுக்கு ஆவாதா மாமா?" ஆகாது. இஞ்சின் ஆயிலில் இருக்கும் மருந்து அழுக்கை அடியில் தங்கவிடாமல் மிதக்க வைக்கும், ஃபில்டர் பிடித்துக்கொள்ளட்டும் என்று. என் ஹெட்ஸ்டாக்கில் ஃபில்டர் எங்கே இருக்கிறது? இங்கே அழுக்கு அடியில் படிந்தால்தான் பேரிங்குக்கு நல்லது. தண்ணீருக்கும் இதே கதை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழைக்குக் கூரை ஒழுகி, பக்கத்துப் பட்டறை லேத்தின் ஹெட்ஸ்டாக்கில் தண்ணீர் இறங்கிவிட்டது. சரியான எண்ணெயாக இருந்தால் ராத்திரி தெளியவிட்டு, காலையில் அடி பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் தண்ணீர் முதலில் இறங்கிவிடும். அங்கே இருந்தது இஞ்சின் ஆயில். மோர் மாதிரி கலங்கிக் கிடந்தது, கடைசிவரை பிரியவில்லை.

ஆயில் துளையில் கிரீஸ் அடைப்பவர்களையும், ஏர் கன்னால் இரும்புத்தூளை சேடிலுக்கு அடியில் ஊதி அனுப்புகிறவர்களையும் பற்றி எழுதினால் ரத்தக்கொதிப்பு ஏறும். அவர்களுடைய பெட்டை சக் பக்கத்தில் பாருங்கள், ஸ்கிரேப்பிங் தடம் இருக்காது. எண்ணெய் தங்கும் பள்ளங்கள் அவை; போனால் திரும்ப வராது. தேய்ந்த இடத்துக்காக, சேடிலின் ஆட்டத்தைக் குறைக்கும் கிப்பை இறுக்கினால், தேயாத டெயில்ஸ்டாக் பக்கம் போனதும் சேடில் பிடித்துக்கொள்ளும். பிறகு மெஷின் சரியில்லை என்பார்கள்.

பத்து நிமிஷம் துடைப்பதற்கு யாரும் கூலி தருவதில்லை, அதனால் யாரும் துடைப்பதில்லை. வாடிக்கையாளருக்குப் புஷ் அன்றைக்கே வேண்டும், பையனுக்கு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகவேண்டும். இருந்தாலும் மெஷினை விலைக்குக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். மோட்டார் எத்தனை எச்.பி. என்கிறார்கள், பெட் எத்தனை அடி என்கிறார்கள், சிலர் கிலோ கணக்கிலேயே பேசுகிறார்கள். ஹெட்ஸ்டாக்கில் கடைசியாக எப்போது எண்ணெய் மாற்றினாய் என்று கேட்கிறவனுக்கு விலையைக் குறைத்துக் கொடுப்பதாக இருக்கிறேன். இதுவரை யாருக்கும் குறைக்க வேண்டி வரவில்லை.