அளந்து குடிக்கிறவன்

2017 கோடையில் எங்கள் ஊர் பரவையே குடிதண்ணீருக்கு அலைந்தபோது, என் நண்பன் குடிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டவன். மதுரைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவான். சிறுநீர் அநேகமாக நின்றுபோன உடம்பில், குடிக்கும் தண்ணீர் கால் வீக்கமாகவும் மூச்சுத்திணறலாகவும் தேங்கும். காபி, மோர், ரசம் எல்லாம் கூட்டி நாளைக்கு ஒரு லிட்டருக்குள் என்பது டாக்டர் போட்ட கணக்கு.

முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்துபோயிருந்தது. ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தார்கள். வைகை அணையில் கிடந்த நீர் ஆவியாகாமலிருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டு, அவை காற்றில் கரையொதுங்கியதும் அந்த ஏப்ரலில்தான். நாடே சிரித்தது. வைகையை நம்பியிருந்த எங்களுக்கு முழுசாகச் சிரிப்பு வரவில்லை.

அவனைப் பார்க்க வந்தவர்கள், தங்களுக்கே பற்றாத நல்லதண்ணியில் ஒரு பாட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். "குடிப்பா, உதடெல்லாம் வறண்டு கிடக்கு." மறுக்க அவனுக்கு மனசு வராது. அவர்கள் முகத்துக்காகக் குடித்துவிட்டு, ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே கிடப்பான். அன்புக்கும் அளவு தெரிய வேண்டியிருக்கிறது.

அவனுக்கு வேண்டியது புழங்கத் தண்ணீர். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அவன் ஒரு கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருந்தார்கள். சோப்புப் போட்டுச் சுத்தமாக வைத்திருக்காவிட்டால் சீழ் பிடிக்கும். அந்தக் கையால் குடமும் தூக்கக் கூடாது. அவன் மனைவி விடியுமுன் காய்கறி மார்க்கெட் வேலைக்குப் போய்விடுவார். தண்ணீர் லாரி வருவது அதற்குப் பிறகு. எனவே அவர்கள் வீட்டுக் குடங்களையும் நான் வரிசையில் வைத்தேன்.

"ஒரு ஆளுக்கு ஒரு வீட்டுக் குடந்தான்" என்று சத்தம் கிளம்பியது. எனக்கோ வாய்ப்பூட்டு. "என் சீக்கைச் சொல்லித் தண்ணி வாங்கிராத மாப்ள" என்று முன்பே சொல்லியிருந்தான். நான் முழிப்பதைப் பார்த்து வரிசையிலிருந்த ஒரு அக்கா கேட்டார்: "டயாலிசிஸ்காரத் தம்பி வீட்டுக் குடமாண்ணே? அத முன்னால கொண்டாங்க." தெருவுக்கே தெரிந்திருந்தது, நாங்கள் இருவரும்தான் ரகசியம் காத்துக்கொண்டிருந்தோம்.

அவனிடம் சொன்னபோது சிரித்தான். டயாலிசிஸ் இயந்திரத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டர் கரைசல் ஓடும். நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அதற்காகத் தண்ணீரைச் சுத்திகரிக்கையில் கழிவது தனி. "எட்டுக் குடம் மாப்ள, ஒரே உட்காருல! தெருவுல ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரியில ஜமீன்தாரு" என்றான்.

பாட்டில் விவகாரத்தை அவன் மனைவிதான் தீர்த்து வைத்தார். வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, "அவருக்குக் குடிக்கக் குடுக்காதீங்கண்ணே. அந்தக் குடத்தை மட்டும் அடுப்படியில தூக்கி வச்சிருங்க" என்பார். சிலர் முகம் சுருங்கியது. மற்றவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கினார்கள்.