இறங்கிய கரையின் கணக்கு

1970களின் பிற்பகுதியில், இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்ட, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழர்களின் வியாபாரக் கடன் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. கடன் வாங்கியவர் உண்மையில் கடை நடத்துகிறாரா என்று நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. பல ஊர்களுக்கு நான் போகவே இல்லை. போன இடங்களிலும் இல்லாத கடையை இருப்பதாக எழுதினேன். என் மனைவிக்குக்கூட இது தெரியாது.

வேலைப் பளு என்று சொல்லலாம், அது பொய். உள்ளூர்ப் பிள்ளைகளே வேலையில்லாமல் அலையும்போது இவர்கள் வேறு வந்து சேர்ந்துவிட்டார்களே என்ற எரிச்சல் எனக்கு இருந்தது. அரசு இவர்களுக்குக் கொடுப்பதே அதிகம், அந்தப் பணம் என்ன ஆனால் எனக்கென்ன என்றுதான் நினைத்தேன். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையிலும் இதே பேச்சு நடந்திருந்தது. எங்கள் நிலத்தையும் வேலையையும் பிடித்துக்கொண்டார்கள், அனுப்பிவிட்டால் நாங்கள் பிழைத்துக்கொள்வோம் என்று அங்கே சொன்னார்கள். அந்தக் காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கைத் தேயிலை தந்தது. அந்தக் கொழுந்தைப் பறித்த கைகள்தான் இரு கரைகளிலும் சுமை என்று பெயர் வாங்கின.

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் அவர்களைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி பரவியபோது, விரும்பாதவர்களும் கப்பல் ஏறினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது, சிறுகடை வைக்கச் சில ஆயிரம் ரூபாய்க் கடன்.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். சிறுமியாக இருந்தபோதே கொழுந்துக் கூடை சுமந்தவர். கணவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். கடன் தொகையில் ஒரு பகுதியைத் தரகர் எடுத்துக்கொண்டார். மிச்சத்தில் அரிசி, பருப்பு, சோப்பு வாங்கித் திண்ணையில் பரப்பினார்கள். ஊரார் கடன் சொல்லி வாங்கிப் போனார்கள். "இல்லைன்னு சொல்ல எங்களுக்குத் தெரியலைங்க ஐயா" என்றார். "கொழுந்து எடுக்கத்தான் தெரியும். மலையில எந்தத் தோட்டத்திலயாச்சும் வேலை கிடைக்குமாங்களா?"

நீலகிரியில் இவர்களுக்காகவே 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாகியிருந்தன. எல்லோருக்கும் அங்கே இடம் கிடையாது. ஆனாலும் "இவர்கள் தோட்டத் தொழிலாளர்கள், கடை நடத்தத் தெரியாது, வேறு வேலை தர வேண்டும்" என்று குறிப்பு எழுத எனக்கு அதிகாரம் இருந்தது. எழுதினால் கோப்பு திரும்பி வரும், விளக்கம் கேட்பார்கள். "பழகிக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். கடை நல்ல முறையில் நடப்பதாக எழுதிக் கையெழுத்திட்டேன். உண்மையை எழுதினால் கடனைத் திருப்பிக் கேட்டு அவர்களை நெருக்குவார்கள், நான் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

அந்த ஒரு குடும்பத்தோடு இது முடிந்திருந்தால்கூட மனம் ஆறும். கடைகள் நடக்கின்றன என்று என்னைப் போன்றவர்கள் எழுதியதால் மேலே இருந்தவர்களுக்குத் திட்டம் பலிப்பதாகவே தெரிந்தது. அடுத்த கப்பலில் வந்தவர்களுக்கும் அதே கடன், அலுவலகத்துக்கு வெளியே காத்திருந்த அதே தரகர். கடை நொடித்துப் போனவர்கள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கூலி தேடி ஏறினார்கள். கொடைக்கானல் காடுகளில் மரம் வெட்டும் குத்தகைக்காரர்களிடம் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு. அந்த அம்மாவின் குடும்பம் எங்கே போனது என்று நான் விசாரித்ததில்லை.

இப்போது அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களைத் திருப்பி அனுப்புவது பற்றி நடக்கும் விவாதத்தை நாள்தோறும் படிக்கிறேன். காய்கறி பறிக்க ஆள் இருக்குமா, வீடு கட்டும் செலவு ஏறுமா, வரி எவ்வளவு குறையும், உள்ளூர்க்காரரின் கூலி உயருமா என்று இரு தரப்பும் கணக்குப் போடுகின்றன. எல்லாமே அனுப்புகிற நாட்டின் கணக்கு. 2025 பிப்ரவரியில் அங்கிருந்து கைவிலங்கோடு ராணுவ விமானத்தில் அமிர்தசரசில் கொண்டுவந்து இறக்கப்பட்ட இந்தியர்களில், நிலத்தை விற்று ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போனவர்கள் இருந்தார்கள். அவர்கள் இனி எந்தத் தொழிலில், எந்தக் கடனில் வாழ்வார்கள் என்று அந்த விவாதத்தில் யாரும் கேட்டு நான் படிக்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

தாயகம் திரும்பியோர் மறுவாழ்வு பற்றி ஆராய்பவர்கள் அந்த ஆண்டுகளின் அரசுக் கணக்குகளை எடுத்துப் பார்க்கக்கூடும். சொந்தக் கடை வைத்துப் பிழைத்தவர்கள் என்ற எண்ணிக்கையை அப்படியே நம்பிவிட வேண்டாம். அதில் நான் எழுதிச் சேர்த்த பொய்க் கடைகள் இருக்கின்றன.