ஊசி நுழையும் வழி

செல்வம் என்றவுடன் நிலமும் நகையும் நம் நினைவுக்கு வருகின்றன. முன்கையில் நீலமாக ஓடும் இரத்தக் குழாயைச் செல்வமென யார் எண்ணுகிறோம்? குரோம்பேட்டையில் வாழும் என் பெரியப்பாவின் சிறுநீரகங்கள் பழுதுற்ற பிறகே எங்கள் குடும்பம் அதன் அருமையை உணர்ந்தது.

நம் தாம்பரத்தில் 1928-ஆம் ஆண்டு டாக்டர் சவுரி முத்து காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்நாளில் தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே காசநோய்க்கு மருந்து. மறு ஆண்டு, 1929-இல், ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர் தம் கைச் சிரை வழியாக மெல்லிய குழாயொன்றைத் தம் இதயம் வரை செலுத்திக்கொண்டார். அந்தத் துணிவுக்கு 1956-இல் நோபல் பரிசு கிட்டியது.

வழி திறந்தது; ஆயினும் எல்லோருக்கும் ஒரே வழி பொருந்துமா? எந்த மருந்து, எத்தனை நாளுக்கு என்பதே கேள்வி. சில நாள் சலைன் ஏற்ற முன்கையில் சிறு குழாய் போதும். வாரக்கணக்கில் மருந்து செலுத்தவோ, சிறு சிரையைப் புண்ணாக்கும் மருந்தைச் செலுத்தவோ, இதயத்தருகே உள்ள பெருஞ்சிரை வரை செல்லும் நீண்ட குழாய் வேண்டும்.

பெரியப்பாவுக்கு முதலில் கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்தார்கள். அது தற்காலிக வழி. கிருமி புகும் அபாயம் மிகுதி. பல காலம் ஊசி குத்திய வலக்கையில் நல்ல சிரை மிஞ்சவில்லை. இடக்கையில் எஞ்சிய ஒன்றைத் தமனியோடு இணைத்து 'ஃபிஸ்டுலா' அமைத்தார்கள். 1966-இல் நியூயார்க் மருத்துவர்கள் உலகுக்கு அறிவித்த முறை இது. அது தடித்து வலுப்பெறும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தோம்.

இன்று அதன்மேல் விரல் வைத்தால் தேனீ ரீங்கரிப்பது போன்ற அதிர்வு தெரியும். அதைத் தினமும் தொட்டுப் பார்ப்பது பெரியம்மாவின் முதல் வேலை. அதிர்வு நின்றால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. இரத்தம் எடுக்கக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. புதிய செவிலியர் யார் வந்தாலும், "இந்தக் கை வேண்டாம்மா, அந்தக் கையில பாருங்க" என்று பெரியம்மா முந்திக்கொள்வார்.

நண்பர்களே! நோயாளிக்குத் துணையாக இருக்கும் முறை நமக்கும் வரும். குழாய் செருகிய இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, வலித்தாலோ உடனே சொல்லுங்கள். கழுவாத கையால் அதைத் தொடாதீர்கள். "இந்தக் குழாய் இன்னும் தேவையா, சிஸ்டர்?" என்று தினமும் பணிவோடு கேளுங்கள். தேவையற்ற ஊசியைத் தவிர்ப்பதும் நாளைய சிகிச்சைக்கான சேமிப்பே.